மலை உயரத்தில் நுரையீரலில் நீர் சேர்வது ஏன்? டாக்டர் சார்லஸ் ஹூஸ்டன் வழியாக ஓர் எளிய விளக்கம்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இப்போது நம் ஆட்கள் நிறையப் பேர் உயரமான இடங்களுக்குப் போகிறார்கள். சபாவின் கினபாலு, நேப்பாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம், முக்திநாத், திபெத்தில் கயிலாயம் என்று ஆளுக்கொரு ஆசை. இதற்காக வார இறுதிகளில் புக்கிட் காசிங்கிலும் பினாங்குக் கொடிமலையிலும் நடந்து பயிற்சி எடுக்கிறார்கள். கொஞ்சம் தேறியவர்கள் உலு லங்காட் பக்கம் நுவாங் மலைக்குப் போகிறார்கள். புதியவர்களிடம் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: “நுவாங்கை ஒரே நாளில் ஏறி இறங்கிட்டேன். மேலே எனக்கு என்ன ஆகப் போகுது?”

நுவாங் 1,493 மீட்டர். சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. அதை ஒரே நாளில் முடிக்கிறவருக்குக் கால் பலமும் மூச்சுப் பழக்கமும் மனத்திடமும் இருக்கின்றன. ஆனால் 3,000 மீட்டருக்கு மேலே உடம்பு சந்திக்கும் சிக்கலைக் கால் பலம் தடுக்காது. தினமும் ஓடுகிற இருபத்தைந்து வயது இளைஞர் அங்கே படுத்துவிடலாம். அவரோடு வந்த அறுபது வயது அத்தை நிம்மதியாக நடந்து போய் வரலாம். இது ஏன் என்று புரிய மருத்துவத்துக்கு நெடுங்காலம் ஆனது. அந்தத் தேடலுக்குத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர். அவர் என்ன செய்தார் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த நோயும் விளங்கிவிடும்.

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம். மேலே போனால் ஆக்சிஜன் குறையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு செந்தூலிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஒன்றுதான், ஏறக்குறைய 21 விழுக்காடு. மாறுவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதும் தன் எடையால் கீழ்க்காற்றை அமுக்கி வைத்திருக்கிறது. மேலே போகப் போக அந்தப் பாரம் குறைகிறது, காற்று தளர்ந்து விரிகிறது. அதனால் ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. கினபாலுவில் மலையேறிகள் இரவு தங்கும் பனாலாபானில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப்போல ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 4,095 மீட்டர் உச்சியில் சுமார் 60 விழுக்காடு. எவரெஸ்ட் அடிவார முகாமில் ஏறக்குறைய பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான்.

உடம்பு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. சில நிமிடங்களிலேயே மூச்சு வேகமாகிறது, ஆழமாகிறது, நாடியும் கூடுகிறது. ஆனால் மூச்சு கூடினால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது மூளை, “போதும், மூச்சைக் குறை” என்று கட்டளையிடுகிறது. இரவில் தூங்கும்போது சில நொடிகள் மூச்சு நின்று, பிறகு திடுக்கென்று பெருமூச்சோடு விழிப்பு வருவதற்குக் காரணம் இந்த இழுபறிதான். இதைச் சரி செய்வது சிறுநீரகம். கூடுதல் காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றி அது சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அதற்குச் சில நாட்கள் வேண்டும். ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்க வாரக்கணக்கில் ஆகும். எதையும் அவசரப்படுத்த முடியாது. மலை நோய்கள் எல்லாமே, ஒரு விதத்தில், உடம்புக்குக் கொடுக்க வேண்டிய இந்த நாட்களைக் கொடுக்காமல் விட்டதால் வருபவை.

அவற்றில் லேசானது சாதாரண மலை நோய். தலைவலி கட்டாயம் இருக்கும். கூடவே குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைசுற்றல். 2,500 மீட்டருக்கு மேலே வேகமாகப் போன யாருக்கும் முதல் நாளே வரலாம். அங்கேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் போய்விடும். இது முற்றினால் மூளையில் நீர் சேர்ந்து வீங்கும். அப்போது ஆள் தடுமாறுவார், பேச்சு குழறும், சொன்னதையே சொல்வார். தரையில் நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் தொடும்படி நடக்கச் சொன்னால் நடக்க முடியாது. அது உயிராபத்து. மூன்றாவது, நுரையீரலில் நீர் சேர்வது. மலையேறிகள் இதை ‘ஹேப்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உயர நோய்களால் ஏற்படும் சாவுகளில் பெரும்பங்கு இதனால்தான். ஹூஸ்டன் பெயர் முக்கியமாக இணைந்திருப்பதும் இதோடுதான்.

ஹூஸ்டன் 1913-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1939-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். டாக்டராகும் முன்பே பெரிய மலையேறி. 1934-ல் அலாஸ்காவின் ஃபோரேக்கர் மலையில் முதன்முதலாக ஏறியவர்களில் அவரும் ஒருவர். 1936-ல் இந்தியாவின் நந்தா தேவிக்குப் போன பிரிட்டிஷ்-அமெரிக்கக் குழுவில் இருந்தார். உச்சிக்குப் போக அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கெட்டுப்போன டின் இறைச்சியைச் சாப்பிட்டு நோய்வாய்ப்பட்டதால், அவருடைய இடத்தில் குழுவிலிருந்த டில்மன் என்ற பிரிட்டிஷ் மலையேறி போனார். 1938-ல் உலகின் இரண்டாவது உயரமான கே2 மலைக்கு ஒரு குழுவைத் தலைமை தாங்கி அழைத்துப் போனார். உச்சியை எட்டவில்லை, ஆனால் 7,900 மீட்டர் வரை ஏறிவிட்டு எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். ஹூஸ்டன் அமெரிக்கக் கடற்படையில் விமானிகளுக்கான மருத்துவரானார். அந்தக் காலத்துப் போர் விமானிகளுக்கு உயரம் பெரிய எதிரி: ஆக்சிஜன் முகமூடி கழன்றுவிட்டால், தனக்கு என்ன ஆகிறது என்று உணரும் முன்பே மயங்கிவிடுவார்கள். காற்றை உறிஞ்சி எடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் அறைக்குள் விமானிகளை உட்கார வைத்து அதைப் பழக்குவது அவருடைய வேலை. மலையேறியான அவருக்கு அங்கே ஒரு முரண்பாடு தெரிந்தது. 6,000, 7,000 மீட்டரில் விமானிகள் சீக்கிரமே நினைவிழக்கிறார்கள். அதே உயரத்தில் மலையேறிகள் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். இரண்டும் மனித உடம்புதானே?

இதைச் சோதித்துப் பார்க்க 1946-ல் கடற்படையை அவர் சம்மதிக்க வைத்தார். ஃபுளோரிடாவின் பென்சகோலாவில், ரிச்சர்ட் ரைலி என்ற உடலியல் ஆய்வாளரோடு சேர்ந்து, நான்கு தொண்டர்களை அழுத்த அறைக்குள் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தங்க வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் அறையின் காற்று எவரெஸ்ட் உச்சியின் காற்றாக ஆகிவிட்டது. நால்வரில் இருவர் கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய இருபது நிமிடம் அங்கே நினைவோடு இருந்தார்கள். பழக்கமில்லாத ஒருவர் அந்த அழுத்தத்தில் சில நிமிடங்கள்கூடத் தாங்க மாட்டார். ‘எவரெஸ்ட் நடவடிக்கை’ என்று அந்தச் சோதனைக்குப் பெயர். எவரெஸ்டை யாரும் தொடாத காலம் அது. பிறகு 1978-ல் மெஸ்னர், ஹாபலர் என்ற இரு மலையேறிகள் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் உச்சிக்குப் போனபோதுதான் அந்த அறையில் கண்டது மலையிலும் உறுதியானது. 1997 மே 23-ல் எவரெஸ்டை எட்டிய முதல் மலேசியர்களான நம் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் உட்பட, அங்கே போகும் எவரும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. வாரக்கணக்கில் மேலும் கீழுமாக ஏறி இறங்கி உடம்பைப் பழக்குகிறார்கள்.

1953-ல் ஹூஸ்டன் மறுபடியும் கே2-வுக்குப் போனார். எட்டுப் பேர் கொண்ட குழு. ஏறக்குறைய 7,700 மீட்டரில், நாள்கணக்கில் அடித்த புயலில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே ஆர்ட் கில்கி என்ற இளம் நிலவியல் ஆய்வாளரின் காலில் ரத்தம் உறைந்துவிட்டது. பார்த்தவுடன் ஹூஸ்டனுக்குப் புரிந்தது, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். உச்சியை மறந்துவிட்டு, அவரைச் சுற்றிக் கட்டி, பனிச்சரிவில் எல்லோருமாகக் கீழே இறக்கத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 10 அன்று ஒருவர் சறுக்க, கயிறுகள் சிக்கி ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். பீட் ஷோனிங் என்ற ஒரே ஆள் தன் கயிற்றுப் பிடியால் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டார். ஹூஸ்டனுக்குத் தலையில் அடிபட்டது. கூடாரம் போட இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சரிவில் கட்டி வைத்திருந்த கில்கி காணாமல் போயிருந்தார். பனிச்சரிவு கொண்டுபோய்விட்டது என்று கருதப்படுகிறது. மற்ற ஏழு பேரும் உயிரோடு இறங்கினார்கள். ஹூஸ்டன் அதற்குப் பிறகு பெரிய மலை எதிலும் ஏறவில்லை.

மலையேற்றம் நின்றது, ஆனால் மலை அவரை விடவில்லை. 1957-ல் கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் என்ற மலை ஊருக்குக் குடிபோய், அங்கே சாதாரண மருத்துவராக வேலை பார்த்தார். அங்கேதான் அந்த நோயாளி வந்தார்: 21 வயது மாணவர், நல்ல ஆரோக்கியம், நண்பரோடு பனிச்சறுக்குப் பலகைகளில் ஓர் உயரமான கணவாயைத் தாண்டப் போனவர். பாதி வழியில் மூச்சுத் திணறலும் இருமலும் வந்து நகர முடியாமல் போய், மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். நெஞ்சைக் கேட்டால் கரகரவென்று ஈரச் சத்தம். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளைத் திட்டுகள். யார் பார்த்தாலும் நிமோனியா என்றுதான் சொல்வார்கள். இல்லையென்றால் இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் தேங்கிவிட்டது என்பார்கள். ஆனால் ஓய்வும் ஆக்சிஜனும் கொடுத்ததும் அந்தப் பையன் சில நாட்களிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். நிமோனியா அவ்வளவு சீக்கிரம் விடாது. இதயத்தைச் சோதித்தால் அது நன்றாகவே இருந்தது.

இப்படி ஒரு நோயாளி பிழைத்துவிட்டால், பெரும்பாலான மருத்துவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள். ஹூஸ்டன் விடவில்லை. அதேபோன்ற வேறு சிலரின் விவரங்களையும் சேர்த்து, 1960-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார். இதயத்தில் ஒரு குறையும் இல்லாத ஆரோக்கியமான ஆட்களுக்கு, உயரத்துக்கு வேகமாகப் போன ஒரே காரணத்தால் நுரையீரலில் நீர் சேர முடியும் என்பது அவர் சொன்ன விஷயம். என்னைக் கேட்டால், அவருடைய எல்லா மலைச் சாதனைகளையும் விட அந்தச் சின்னக் கட்டுரைதான் அதிக உயிரைக் காப்பாற்றியது. மலைகளில் ‘நிமோனியாவில் செத்தார்’ என்று எழுதி மூடி வைத்த பழைய மரணங்களை மருத்துவர்கள் மறுபடி திறந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை முதலில் கண்டவர் ஹூஸ்டன் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது சரியில்லை. 1891-ல் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையில் ஜாக்கோத்தே என்ற இளம் மருத்துவர் இறந்தபோது, பிரேதப் பரிசோதனையில் நுரையீரலில் நீர் இருந்தது பதிவாகியிருக்கிறது. 1913-ல் ரேவன்ஹில் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், சிலி நாட்டின் உயரமான சுரங்கங்களில் பார்த்ததை வைத்து மலை நோயை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். இன்று நாம் சொல்லும் அதே மூன்று வகைகள் அவை. அவருடைய எழுத்தை யாரும் கவனிக்கவில்லை. பெரு நாட்டு மருத்துவர்களோ இந்த நோயை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கடற்கரைக்குப் போய்விட்டு ஆண்டிஸ் மலை ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு இது வருவதைப் பார்த்து ஸ்பானிய மொழியில் எழுதியும் இருந்தார்கள். ஆங்கிலம் மட்டும் படித்த மருத்துவ உலகத்துக்கு அது எட்டவில்லை. ஹூஸ்டனின் கட்டுரை வந்த காலத்திலேயே ஹெர்பர்ட் ஹல்ட்கிரென் என்ற இதய மருத்துவர் பெருவுக்குப் போய் இதை நேரில் பார்த்து வந்தார். ஹூஸ்டனின் பெருமை கதவைத் தட்டி எல்லோரையும் எழுப்பியதில் இருக்கிறது.

சரி, நீர் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து இல்லை, நம் ரத்தத்திலிருந்தே கசிகிறது. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உண்டு. ஒவ்வொன்றையும் மெல்லிய ரத்த நாளங்கள் சுற்றியிருக்கும். இங்கே உடம்பு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. நுரையீரலின் ஏதாவது ஒரு மூலையில் ஆக்சிஜன் குறைந்தால், அந்த மூலைக்குப் போகும் நாளங்கள் சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். கடல் மட்டத்தில் இது மிகவும் உதவியான ஏற்பாடு. மலையிலோ நுரையீரல் முழுவதிலும் ஆக்சிஜன் குறைவு. எல்லா மூலையிலும் நாளங்கள் சுருங்கப் பார்க்கின்றன, அதுவும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. சில இடங்களில் இறுக்கமாக, சில இடங்களில் லேசாக. அடுக்குமாடி வீட்டில் பல குழாய்களை ஒரே நேரத்தில் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் தண்ணீர் அதில் பீறிட்டு வருவதுபோல, சரியாகச் சுருங்காத நாளங்களில் ரத்தம் முழு அழுத்தத்தோடு பாய்கிறது. அந்த மெல்லிய சுவர்கள் தாங்காமல், நீரும் புரதமும் சில நேரம் சிவப்பணுக்களும் காற்றறைக்குள் கசிகின்றன. இளஞ்சிவப்பு நுரையோடு இருமல் வருவது அதனால்தான். ஹல்ட்கிரெனும் தோழர்களும் 1964-ல் பெருவில் நோயாளிகளின் ரத்த நாளத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்து பார்த்தார்கள். நுரையீரலுக்குப் போகும் நாளத்தில் அழுத்தம் மிக அதிகம். இதயத்தின் இடது பக்கம் சாதாரணமாகவே இருந்தது. இதயத்தின் மீது பழி போட முடியாது என்பது அதோடு முடிவானது.

இந்தச் சுருக்கம் சிலருக்குப் பிறவியிலேயே அதிகம். அதனால்தான் ஒருமுறை ஹேப் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல். குளிர், கடும் உழைப்பு, சளி இருக்கும்போது ஏறுவது எல்லாம் அழுத்தத்தை இன்னும் கூட்டும். உடற்பயிற்சி செய்த இளைஞர்கள் அதிகம் மாட்டுவதற்கும் காரணம் இருக்கிறது: கால் ஓய்வு கேட்காததால் அவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள், நுரையீரலுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்தக் கதையில் இந்தியாவுக்குப் பெரிய இடம் உண்டு. 1962-ல் சீனாவோடு போர் மூண்டபோது, சமவெளியிலிருந்த இந்தியப் படைவீரர்களை அவசர அவசரமாக இமயமலையின் உயரமான எல்லைகளுக்குக் கொண்டு போனார்கள். பழகுவதற்கு நாட்கள் ஏது? நூற்றுக்கணக்கானவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள். படை மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவும் அந்த வீரர்களுக்கு வைத்தியம் செய்ததோடு, ஒவ்வொருவரின் விவரத்தையும் பொறுமையாகக் குறித்து வைத்தார்கள். 1965-ல் நுரையீரல் நீர் பற்றியும், 1969-ல் 1,925 வீரர்களை வைத்து மலை நோய் பற்றியும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. யாருக்கு வரும், எத்தனை மணி நேரத்தில் வரும், எப்படி முற்றும் என்பதற்கு அவ்வளவு பெரிய கணக்கு அதற்கு முன் எங்கேயும் இல்லை. ஹூஸ்டனும் அப்போது இந்தியாவில்தான் இருந்தார். அமெரிக்காவின் அமைதிப் படை என்ற தொண்டர் அமைப்பின் இந்திய இயக்குநராக 1962-ல் போனவர்.

திரும்பிய பிறகு வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1967-லிருந்து பத்தாண்டுக்கும் மேலாக, கனடாவின் லோகன் மலையில் 5,300 மீட்டரில் ஒரு முகாம் அமைத்து, கோடைதோறும் ஆய்வு நடத்தினார். அங்கே தெரியவந்த முக்கியமான விஷயம், உயரத்தில் கண்ணின் விழித்திரையில் நுண்ணிய ரத்தக் கசிவுகள் ஏற்படுவது. பெரும்பாலும் வலியில்லாமல் வந்து, தானாகவே ஆறிவிடும். ஆனால் உயரம் உடம்பின் மெல்லிய நாளங்கள் எல்லாவற்றையும் சோதிக்கிறது என்பதற்கு அது கண்ணால் பார்க்கும் சாட்சி. எழுபது வயது தாண்டிய பிறகு, 1985-ல், ‘எவரெஸ்ட் நடவடிக்கை’யை மறுபடியும் நடத்தினார். மாசசூசெட்ஸில் அமெரிக்கத் தரைப்படையின் அழுத்த அறையில் எட்டுத் தொண்டர்கள், நாற்பது நாட்கள். இந்த முறை இதயம், நுரையீரல், தசை, மூளை எல்லாவற்றையும் நவீனக் கருவிகளால் அளந்தார்கள். உயர மருத்துவர்கள் ஒன்றுகூடிப் பேசும் மாநாடுகளையும் எழுபதுகளில் அவர்தான் தொடங்கி வைத்தார். 2009-ல், 96 வயதில் காலமானார்.

இனி நமக்கு வேண்டியதற்கு வருவோம். ஹேப் பெரும்பாலும் உயரத்துக்குப் போன இரண்டாவது இரவிலிருந்து நான்காவது நாளுக்குள் தலைகாட்டும். முதல் அடையாளம் மிகச் சாதாரணமாக இருக்கும்: நேற்று வரை முன்னால் நடந்தவர் இன்று பின்தங்குகிறார். வறட்டு இருமல் இருக்கும். இதை “களைப்புதான்” என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அடுத்த கட்டத்தில், உட்கார்ந்து ஓய்வெடுத்தாலும் மூச்சு அடங்காது. ஓய்வில் மூச்சு வாங்குவதுதான் ஆபத்து மணி. அதைப் பார்த்த பிறகு காலை வரை காத்திருக்கக் கூடாது. உதடும் நகமும் நீலம் பாயும், படுத்தால் மூச்சுத் திணறும், சளியில் நுரை வரும். தலைவலி இல்லை என்பதால் மலை நோய் இல்லை என்று நினைக்க வேண்டாம். தலைவலியே இல்லாமலும் ஹேப் வரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது, எடுத்துப் போகலாம். ஆனால் மேலே யாருக்கும் 98 காட்டாது. ஆரோக்கியமாக இருப்பவருக்கே 85-க்குப் பக்கத்தில் காட்டலாம். கூட வந்தவர்களை விட ஒருவருக்கு மட்டும் எண் மிகவும் தாழ்ந்திருந்தால் கவனிக்க வேண்டும். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மூச்சு வாங்குகிறவரை விட்டுவிடவும் கூடாது.

மருந்துகளில் முதன்மையானது கீழே இறங்குவது. 1,000 மீட்டர் இறங்கினால் நல்லது. சில நேரம் 300, 500 மீட்டர் இறங்கியதுமே ஆள் தெளிவார். நோயாளியை நடக்க வைத்து மூச்சிரைக்கச் செய்யாமல், முடிந்தால் குதிரையிலோ வண்டியிலோ தூக்கியோ இறக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உடனே கொடுக்க வேண்டும். இறங்கவே வழியில்லாத இடத்தில் நோயாளியை உள்ளே படுக்க வைத்துக் காற்றடித்து அழுத்தத்தைக் கூட்டும் பெரிய பைகள் இருக்கின்றன. நல்ல குழுக்கள் கொண்டு போவார்கள். நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து நுரையீரல் நாளங்களைத் தளர்த்தும் என்று 1989-ல் சுவிஸ் மருத்துவர்கள் காட்டினார்கள். அது மருத்துவர் சொல்லித் தர வேண்டிய மருந்து.

வராமல் தடுக்க ஒரே நல்ல வழி மெதுவாகப் போவதுதான். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் உயரே ஏறிவிட்டு இரவில் இறங்கித் தூங்கலாம், அது நல்லதே. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், நேப்பாளத்தின் பெரிச்சே கிராமத்தில் ஹாக்கெட், ரெனி என்ற இரு மருத்துவர்கள் 278 மலைப்பயணிகளைப் பரிசோதித்து, 1976-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலை நோய் இருந்தது. கீழிருந்து நடந்து வந்தவர்களை விட, அந்த வழியிலுள்ள லுக்லா என்ற மலை ஊருக்கு விமானத்தில் வந்திறங்கியவர்களுக்குத்தான் அது அதிகம்.

டயாமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசெட்டசோலமைட் மாத்திரை, சிறுநீரகம் செய்யும் அந்தக் காரத்தை வெளியேற்றும் வேலையைச் சீக்கிரப்படுத்துகிறது. சாதாரண மலை நோயைத் தடுப்பதில் அது உண்மையிலேயே உதவும். ஆனால் வேகமாக ஏறுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பனடோல் தலைவலிக்குக் கேட்கும், அவ்வளவுதான். யாத்திரைக் குழுக்களில் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகரச் சொல்வார்கள். முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல இதமாக இருக்கும், ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜனை அது கொஞ்சமும் கூட்டாது. பூண்டு சூப் சூடாக நன்றாக இருக்கும், குடியுங்கள். மருந்தாக நம்ப வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சை மட்டுப்படுத்தும், முதல் நாட்களில் தவிர்க்க வேண்டும்.

கினபாலுவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாள் கோத்தா கினபாலுவில் கடல் மட்டத்தில் தூங்கிவிட்டு, மறுநாளே 3,270 மீட்டர் பனாலாபானுக்கு ஏறிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஓர் இரவு முன்னதாகவே போய், 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் பூங்காத் தலைமையகத்திலோ, பக்கத்து ஊரான குண்டாசாங்கிலோ தங்கினால் தலைவலி குறைய வாய்ப்புண்டு. மலையில் இருப்பது இரண்டே நாள் என்பதால் அங்கே ஹேப் அரிது. முக்திநாத்தில் நிலைமை வேறு. போக்கராவிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் 3,700 மீட்டருக்கு மேல் கொண்டு போகும் பயணத் திட்டங்கள் உண்டு. பெருமாளைச் சேவித்துவிட்டு அன்றே இறங்குகிறவர்களுக்குத் தலைவலியோடு போய்விடும். அங்கேயே இரவு தங்கும் திட்டம் என்றால், அதற்கு முந்தைய இரவை ஜோம்சோமிலோ காக்பேனியிலோ 2,700, 2,800 மீட்டரில் கழிக்கும்படி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.

கயிலாயம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. மானசரோவர் ஏரியே ஏறக்குறைய 4,590 மீட்டர், பரிக்கிரமாவில் தாண்ட வேண்டிய டோல்மா கணவாய் 5,600-க்கும் மேல். போகிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள். வாழ்நாள் வேண்டுதல் என்பதால், மூச்சு வாங்கினாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஆகவே பணம் கட்டும் முன்பே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தங்குகிறோம்? எந்த ஊரில் கூடுதல் இரவு இருக்கிறது? ஆக்சிஜன் எத்தனை உருளை வரும், அழுத்தப் பை இருக்கிறதா? நள்ளிரவில் ஒருவரை இறக்க வேண்டி வந்தால் எந்த வண்டி, யார் கூடப் போவார்? இதற்கெல்லாம் தெளிவான பதில் சொல்கிற ஏற்பாட்டாளரோடு போங்கள். வீட்டில் பெரியவர்கள் போகிறார்கள் என்றால், அவர்களுடைய அறையில் தங்கப்போகும் ஆளிடம் தனியாகப் பேசி வையுங்கள்: இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால், அவர் வேண்டாம் என்று சொன்னாலும் வழிகாட்டியை உடனே எழுப்பச் சொல்லுங்கள்.